தகப்பன் பெயர்

1974 டிசம்பர் 31ஆம் தேதி அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்ட் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். தனிமனிதர்களைப் பற்றி அரசு தன் கோப்புகளில் சேர்த்துவைத்திருக்கும் விவரங்களை, எதற்காகச் சேர்த்ததோ அதற்கல்லாமல் வேறு காரியங்களுக்கு அவர்கள் சம்மதமின்றி எடுத்துக் கொடுக்கலாகாது என்பது அதன் சாரம். நான்கு நாள் கழித்து, 1975 ஜனவரி 4ஆம் தேதி, அவரே இன்னொரு சட்டத்தில் கையெழுத்திட்டார். குழந்தையை விட்டுப் போன தகப்பனைத் தேடிப்பிடித்துப் பராமரிப்புத் தொகையை வசூலிக்க ஓர் ஏற்பாடு. தேடுவதற்காக மத்திய அரசின் கோப்புகளை எட்டிப் பார்க்கும் அதிகாரமுள்ள ஒரு பிரிவு. முதல் சட்டம் பூட்டிய அறைக்கு இரண்டாவது சட்டம் சாவி செய்து கொடுத்தது. ஃபோர்டுக்கே இது உறுத்தியிருக்கிறது. இரண்டாவது சட்டத்தில் கையெழுத்திட்டபோது வெளியிட்ட அறிக்கையில், குடும்ப உறவுகளுக்குள் மத்திய அரசு இவ்வளவு தூரம் நுழைவது தேவையற்றது, எல்லாக் கோப்புகளையும் எட்டும் ஒரு தேடும் பிரிவு அந்தரங்கம் குறித்துக் கடுமையான பிரச்னைகளை எழுப்புகிறது என்ற பொருளில் தம் ஆட்சேபத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அமெரிக்காவின் ஒரு வசூல் சட்டத்தைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சில வருஷங்கள் ஒரு ஊரில் கோர்ட் வாசலில் டைப்ரைட்டிங் மேசை போட்டுப் பிழைத்தவன் நான். ஜீவனாம்ச மனுக்கள் நிறைய அடித்திருக்கிறேன். ஒருவருடைய வாழ்க்கையில் என்னென்ன விஷயங்கள் காகிதத்தில் ஏறவேண்டும், ஏறக்கூடாது என்ற கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வந்ததல்ல. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்த ஏற்பாட்டுக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். இன்று அந்த நாட்டுக் குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் அதன் வரம்புக்குள் வருகிறார்கள். ஆண்டுக்கு 2500 கோடி டாலருக்கு மேல் வசூலாகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் குடும்பங்களுக்கே போய்ச் சேருகிறது. வசூலின் பெரும்பகுதி தகப்பனின் சம்பளத்திலிருந்து முதலாளியே பிடித்து அனுப்புவது. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. 1984இன் சட்டத்தில் சம்பளப் பிடித்தம் பாக்கி வைத்தவனுக்கு மட்டும்தான். ஆகவே அது ஒரு முத்திரை. சம்பளப் பட்டுவாடா செய்கிற குமாஸ்தாவுக்கு இவன் பிள்ளைக்குச் சோறு போடாதவன் என்று தெரிந்துபோகும். 1988இன் சட்டம், பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொடக்கத்திலிருந்தே பிடித்தம் என்று விதியாக்கிய பிறகு அந்த முத்திரையின் மை வெளிறிப்போயிற்று. எல்லோருக்கும் பொதுவாகிவிட்ட ஒன்று அவமானமாக இருப்பதில்லை. தாய்க்கும் இதில் விடுதலை உண்டு. மாதாமாதம் அவன் வாசலில் போய் நிற்க வேண்டாம். பணத்தைக் கொடுக்கும்போது அவன் பார்க்கும் பார்வையை வாங்கிக்கொள்ள வேண்டாம். நடுவில் ஒரு இயந்திரம் வந்து நிற்பது மனித உறவுகளை வறட்டிவிடுகிறது என்று நாம் வழக்கமாக எழுதிவருகிறோம். சில உறவுகளில் நடுவே இயந்திரம் நிற்பதுதான் கௌரவம்.

இனி அந்தரங்கம். இந்தச் சொல்லை நமது வாரப் பத்திரிகைகள் டாக்டர் பதில் பகுதிக்கு ஒதுக்கிவிட்டன. ஆனால் தமிழில் அதற்கு வேறு இரண்டு வழக்குகள் உண்டு. ஒன்று, அந்தரங்கக் காரியதரிசி: எல்லாம் தெரிந்தும் வெளியில் சொல்லாத ஆள். இன்னொன்று, அந்தரங்க சுத்தி: உள்ளே ஒன்று வைத்துக்கொண்டு வெளியே ஒன்று பேசாமலிருப்பது. இரண்டிலும் அந்தரங்கம் என்பது யாருக்கும் தெரியாத ரகசியமாக இல்லை. தெரிந்துகொண்டவன் எப்படி நடந்துகொள்கிறான் என்பதாக இருக்கிறது. இந்த அர்த்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் விஷயம் பிடிபடும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தரங்கம் ஒரு பூர்ஷ்வா சரக்கு, பசித்தவனுக்கு அது எதற்கு என்று நண்பர் ஒருவர் (இந்தப் பக்கங்களில் எழுதுகிறவர்தான்) ஒரு முறை என்னிடம் வாதித்தார். பிறந்த இடத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி. 1890இல் வாரன், பிராண்டைஸ் என்ற இரண்டு பாஸ்டன் வக்கீல்கள் ஹார்வர்ட் சட்டப் பத்திரிகையில் எழுதிய கட்டுரைதான் அமெரிக்காவில் இந்த உரிமைக்கு ஆதாரம். அவர்கள் தற்காத்துக்கொள்ள விரும்பியது பத்திரிகை நிருபர்களிடமிருந்தும் கேமராவிடமிருந்தும் கண்ணியமானவர்களின் வீட்டு வரவேற்பறையை. 1965இல் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையைப் படுக்கையறை வரைக்கும் கொண்டுபோயிற்று. கனெக்டிகட் மாநிலத்துக் கருத்தடைத் தடைச் சட்டம், மணமான தம்பதியரின் அந்தரங்கத்தில் தலையிடுவதால் செல்லாது என்றது. மணமான தம்பதியர் என்பதைக் கவனிக்க வேண்டும். அதே கனெக்டிகட்டில் 1970களில், மணமாகாத ஏழைத் தாய் அரசின் உதவித்தொகை பெற வந்தால் குழந்தையின் தகப்பன் பெயரைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு. அபராதம், ஓராண்டு வரை சிறை. பத்து வருஷத்துக்குள், ஒரே மாநிலத்தில், ஒரு கதவைத் தட்டவே கூடாது என்றும் இன்னொரு கதவுக்குத் தாழ்ப்பாளே கிடையாது என்றும் இரண்டு நியாயங்கள். ஆனால் நண்பரின் வாதம் இங்கேதான் அவருக்கு எதிராகத் திரும்புகிறது. பணக்காரனுக்கு அந்தரங்கம் சுவரிலேயே கட்டிவைக்கப்பட்டிருக்கிறது; அவனுக்கு உரிமை என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை. விற்பதற்கு வேறொன்றும் இல்லாதவளிடம்தான் அதை விலையாகக் கேட்கிறார்கள்.

கேட்ட விதங்களும் பல. 1950களிலும் 60களிலும் அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், உதவித்தொகை வாங்கும் பெண்ணின் வீட்டில் ஆண் யாராவது இருக்கிறானா என்று அதிகாரிகள் இரவிலும் விடியற்காலையிலும் போய்ச் சோதனை போட்டார்கள். ஆண் இருந்தால் அவன்தான் மாற்றுத் தகப்பன், உதவி நிறுத்தப்படும். அலபாமாவின் இப்படிப்பட்ட விதியை 1968இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதற்கு முன்பு, கலிஃபோர்னியாவின் அலமேடா கவுண்டியில், 1963இன் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் இந்தச் சோதனைக்கு ஊழியர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார்கள். ஒருவர் முன்வாசலில், ஒருவர் கொல்லைப்புறத்தில். போக மறுத்த ஒரு சமூகநலப் பணியாளர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவர் கண்பார்வையற்றவர். 1967இல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் அவர் மறுத்தது சரி, சோதனைகள்தாம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. இந்த மனிதரை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பெரிய தத்துவம் எதையும் அவர் பேசியதாக நான் படித்ததில்லை. அந்த வீடுகளுக்கு அந்த நேரத்தில் போகமாட்டேன் என்றார், அவ்வளவுதான்.

1975இன் ஏற்பாடு இந்தச் சோதனைகளை விட நாகரிகமானது. கட்டிலுக்கடியில் பார்க்க வேண்டாம். ஒரு படிவத்தில் ஒரு கோடு, அதன் மேல் ஒரு பெயர். கனெக்டிகட் தாய்மார்களின் வழக்கு அந்த ஆண்டு ஜூன் மாதம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது நீதிபதிகள் புதிய சட்டத்தைக் காரணம் காட்டிக் கீழ்நீதிமன்றத்துக்கே திருப்பிவிட்டார்கள். அதே ஆண்டில் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது: தகுந்த காரணம் இருந்தால், குழந்தையின் நலனுக்குப் பாதகம் என்றால், தாய் பெயரைச் சொல்லாமலிருக்கலாம். வன்புணர்ச்சி, முறைகேடான உறவு, அடிக்குப் பயம் போன்றவை. நல்ல திருத்தம்தான். ஆனால் சொல்லாமலிருப்பதற்கான காரணத்தைச் சொல்லியாக வேண்டும். பெயரைச் சொல்வதைக் காட்டிலும் அந்தக் காரணத்தைச் சொல்வது கடினமாக இருக்கும் பெண்களை இந்தத் திருத்தம் எட்டவில்லை.

ஏன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பதற்கு வலுவான பதில் ஒன்று உண்டு. அதைத் தட்டிவிட முடியாது. பெயர் தாயின் சொத்து மட்டுமல்ல. குழந்தைக்கும் அதில் பங்குண்டு. இந்த வாதத்தின் மிகப் பழைய வடிவம் நம் கையிலேயே இருக்கிறது. சகுந்தலையின் கதையை நாம் காளிதாசன் வழியாகவே நினைவு வைத்திருக்கிறோம். சாபம், மறதி, மோதிரம். துஷ்யந்தனைக் காப்பாற்றுவதற்காகக் கவி செய்த ஏற்பாடுகள் அவை. மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் மோதிரமும் இல்லை, சாபமும் இல்லை. பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சபையில் வந்து நிற்கிறாள். அவனுக்கு எல்லாம் ஞாபகமிருக்கிறது. ஞாபகத்தோடேயே, நீ யார் என்று கேட்கிறான். சகுந்தலை வாதாடுகிறாள், அவன் ஏசுகிறான். அவள் திரும்பிப் போக எத்தனிக்கும்போது அசரீரி ஒலிக்கிறது: இவன் உன் பிள்ளை, இவனைப் பராமரி. பராமரிக்கச் சொல்லும் அந்த வினைச்சொல்லிலிருந்துதான் பிள்ளைக்குப் பரதன் என்று பெயர் வந்ததாகப் பாரதம் சொல்கிறது. பரத கண்டம் என்று மேடைகளில் முழங்குகிறவர்கள் யாரும் இந்தப் பெயர் ஒரு ஜீவனாம்ச உத்தரவிலிருந்து கிளைத்தது என்று சொல்லி நான் கேட்டதில்லை. அதற்கப்புறம் துஷ்யந்தன் சொல்வது இன்னும் சுவாரசியம். எனக்கும் தெரியும்; ஆனால் இவள் வார்த்தையை மட்டும் நம்பி ஏற்றுக்கொண்டால் உலகம் சந்தேகிக்கும் என்கிறான். ஆக, கானகத்தில் இரண்டு பேருக்கு நடுவில் நடந்தது சபையில் ஒரு பொதுக்குரலாக ஒலித்தால்தான் பிள்ளைக்குச் சோறு. பெண்ணின் சொல் போதாது. இந்த அளவில் 1975இன் சட்டத்தை அசரீரியின் வாரிசு என்று சொன்னால் தவறில்லை.

ஒரு வித்தியாசம். அசரீரிக்கு வயிறு கிடையாது.

அமெரிக்கச் சட்டத்தில், பணஉதவி பெறும் தாய், தகப்பனிடமிருந்து வரவேண்டிய தொகையின் மீதுள்ள உரிமையை அரசுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அரசு அவனைத் தேடிப் பிடித்து வசூலிக்கிறது; வசூலித்ததை, தான் அவளுக்குக் கொடுத்த உதவிக்கு ஈடாக எடுத்துக்கொள்கிறது. 1984இல், மாத வசூலில் முதல் 50 டாலர் குடும்பத்துக்குப் போகட்டும் என்று விதி செய்தார்கள். 1996இன் சட்டம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டு, கொடுப்பதும் கொடுக்காததும் மாநிலங்களின் இஷ்டம் என்றது. (2017இல்தான் கொலராடோ முழுத் தொகையையும் குடும்பத்துக்கே தருவதென்று தொடங்கியது.) மேலே நான் சொன்ன பத்தில் ஒன்பது பங்குக் கணக்கு உண்மைதான், ஆனால் அது, வசூலாகும் குடும்பங்களில் பெரும்பாலானவை இப்போது பணஉதவி பெறாதவை என்பதால் வரும் கணக்கு. மிக ஏழையான தாயின் விஷயத்தில் நிலைமை வேறு. அவளிடம் தகப்பன் பெயரைக் கேட்கும்போது, உன் குழந்தைக்காக என்று சொல்கிறார்கள். வருகிற பணம் கஜானாவுக்குப் போகிறது. அந்தரங்க சுத்தி இல்லாமல் அந்தரங்கத்தைக் கேட்பது என்பது இதுதான். அந்தரங்கத்தைப் பாதுகாக்கிறோம் என்று அரசு சொல்லும்போது கோப்பை வேறு யாரும் பார்க்காமல் காப்பதையே குறிக்கிறது. கோப்பு உண்டான அந்த முதல் கேள்வி யாருடைய பசிக்காகக் கேட்கப்பட்டது என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை. குழந்தையின் பசிக்காகக் கேட்கப்பட்டிருந்தால் தாய் பதில் சொல்லக் கடமைப்பட்டவள் என்றே நான் நினைக்கிறேன், அது அவளுக்கு வலித்தாலும். கஜானாவின் பசிக்காக என்றால் அவள் வாய் மூடி இருப்பதற்கு எந்தத் தகுந்த காரணமும் காட்ட வேண்டியதில்லை.

ஐரோப்பாவில் சில நாடுகள் வரிசையை மாற்றிப் போட்டிருக்கின்றன. ஜெர்மனியில் 1980 முதல் அமலில் உள்ள சட்டப்படி, தகப்பன் கொடுக்காவிட்டால் அரசு முன்பணமாகக் குழந்தைக்குக் கொடுத்துவிடுகிறது, பிறகு அவனிடம் கேட்கிறது. அங்கும் பெயரைக் கேட்கத்தான் செய்கிறார்கள். வரிசை மாறினாலும் படிவத்தில் அந்தக் கோடு இருக்கிறது.

தகப்பன்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடிப்போனவன் என்ற சித்திரம் வசதியானது. 2007இல் ஒன்பது மாநிலங்களின் நிலுவைகளை ஆராய்ந்தவர்கள், அதில் 70 சதவீதம், ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் வருமானம் இல்லாதவர்கள் அல்லது பதிவான வருமானமே இல்லாதவர்கள் தலையில் இருப்பதாகக் கண்டார்கள். 1986இன் சட்டப்படி, தவணை விழுந்துவிட்டால் எந்த நீதிபதியும் பின்தேதியிட்டு அதைக் குறைக்க முடியாது; வேலையில்லாதவனுக்கும் சிறையில் கிடப்பவனுக்கும், குறைக்கச் சொல்லி மனுப் போடும் வரை தொகை ஏறிக்கொண்டே போகும். 2015 ஏப்ரலில் தென் கரோலினாவின் நார்த் சார்ல்ஸ்டனில் காரை நிறுத்திய போலீஸ்காரரிடமிருந்து ஓடி, முதுகில் சுடப்பட்டு இறந்த கறுப்பரின் மேல் இப்படிப்பட்ட ஒரு நிலுவைக்கான வாரண்டு இருந்தது. இவர்களுடைய அந்தரங்கத்தை யாரும் விவாதிப்பதில்லை. 1996இன் சட்டத்துக்குப் பிறகு அந்த நாட்டில் புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவரின் பெயரும் இருபது நாளுக்குள், இன்னும் கெடு குறுகிய மாநிலங்களில் அதற்கும் முன்பே, அறிவிக்கப்பட்டு ஒரு மத்தியப் பதிவேட்டுக்குப் போய்ச் சேர்கிறது, அவர் தகப்பனோ இல்லையோ. ஒரு சிலரைத் தேட எல்லோரையும் எழுதிவைத்துக்கொள்வது. ஃபோர்டின் உறுத்தல் இங்கே வந்து நிற்கிறது.

ஆனால் அதே 1996இன் சட்டத்தில்தான், இந்த ஏற்பாட்டின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படும் ஒன்றும் இருக்கிறது. தேடும் பிரிவு தகப்பனை மட்டும் தேடுவதில்லை. பிள்ளையைப் பார்க்கும் உரிமையை நிலைநாட்டவோ பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்று தீர்மானிக்கவோ நீதிமன்றம் கேட்டால், தாயின் இருப்பிடத்தையும் அது சொல்லக்கூடும். அடிக்குப் பயந்து வேறு மாநிலத்துக்குப் போய்ப் பெயர் தெரியாமல் வாழும் பெண்ணும் அந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறாள். பணம் வாங்கித் தரும் கை அவளைக் காட்டிக்கொடுக்கும் கையாகவும் ஆகலாம். ஆகவே வன்முறைக்கு நியாயமான ஆதாரம் உள்ள இடத்தில் அவள் பதிவின் மேல் ஒரு குறி போட ஏற்பாடு செய்தார்கள். குறி இருந்தால் மத்தியப் பிரிவு இருப்பிடத்தை வெளியிடாது. ஒரு நீதிமன்றம் முதலில் அதைத் தன்னிடம் வாங்கி, சொன்னால் தீங்கு வருமா என்று எடைபோட்ட பிறகே மேற்கொண்டு. பதிவேட்டில் தகவல் இருக்கிறது. பணமும் அவளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கேட்பவனுக்குப் பதில் இல்லை. அரசு என்பது எல்லாம் தெரிந்துகொள்ளத் துடிக்கும் ஒன்று, தெரிந்ததைப் பயன்படுத்தாமல் இருக்காது என்று நாம் நம்புகிறோம். காஃப்காவைப் படித்த யாரும் அப்படித்தான் நம்புவார்கள். இங்கே அது தெரிந்தும் சொல்லாமல் இருக்கிறது, ஒரு அந்தரங்கக் காரியதரிசியைப் போல. இதைக் கருணை என்று நான் சொல்லமாட்டேன். அதற்குள் எத்தனை கசிவுகள், எத்தனை குறி போட மறந்த பதிவுகள் இருக்கக்கூடும் என்பதும் நினைக்க வேண்டிய விஷயம். மேலும், பதில் மறுக்கப்படுவதிலிருந்தே அவனுக்கு ஒன்று தெரிந்துவிடும்: அவள் இவனைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். மௌனத்துக்கும் அர்த்தம் உண்டு என்று அறிந்தவர்கள்தாமே நாம். இருந்தாலும் ஒரு பெண் காணாமல் போயிருக்கும் உரிமையையும் சாப்பிடும் உரிமையையும் ஒன்றுக்கு ஒன்று விலையாக வைக்காமல் இரண்டையும் சேர்த்துக் கொடுக்க முடியும் என்று அந்தச் சின்னக் குறி ஒப்புக்கொள்கிறது. ஃபோர்ட் கையெழுத்திட்ட இரண்டு சட்டங்களும் ஒன்றையொன்று பார்த்துப் பேசிக்கொண்ட இடம் அதுவாகத்தான் எனக்குப் படுகிறது. அதற்கு இருபத்தோரு வருஷம் ஆகியிருக்கிறது.

நம் ஊரில் அப்படித் தேடும் பிரிவு எதுவும் இல்லை, குறியும் இல்லை. நான் மேசை போட்டிருந்த காலத்தில் 1973ஆம் வருஷத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் அது 144ஆம் பிரிவு. மனைவிக்கும், மணவுறவில் பிறந்ததானாலும் இல்லாவிட்டாலும் பிள்ளைக்கும் ஜீவனாம்சம் கேட்கலாம். அப்போது உச்சவரம்பு மாதம் 500 ரூபாய். 2001இல்தான் அதை எடுத்தார்கள். அவன் எங்கே இருக்கிறான் என்பதை அவளே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். சொன்ன விலாசத்தில் ஆள் இல்லை என்று சம்மன் திரும்பி வரும். அவள் எங்கே இருக்கிறாள் என்பது மட்டும் மனுவில் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு நாள். தீப்பெட்டி ஒட்டும் பெண், இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்த நகலை வைத்து அடித்துக்கொண்டிருந்தேன். மனுதாரர் விலாசத்துக்கு வந்ததும், தெருப் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.

“நான் இருக்கிற எடம் இதுல வரணுமாண்ணே?”

“வரணும்மா. நீ இந்த ஊர்ல இருக்கேங்கிறத வச்சுத்தான் இந்தக் கோர்ட்டுல மனுப் போட முடியும்.”

“அவருக்கும் ஒரு காகிதம் போகுமாமே.”

“போகும்.”

அவள் கழுத்துக்குக் கீழே ஒரு சூட்டுத் தழும்பு இருந்தது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, சித்தி வீட்டுத் தெருவையும் கதவு நம்பரையும் சொன்னாள். வழக்கமாக மூன்றாவது பிரதியில் எழுத்து மங்கலாகத்தான் விழும். எதிர்மனுதாரருக்குப் போவது அதுதான். பாவம், ஏழைப் பெண், திருத்தமாக அடித்துக் கொடுப்போம் என்று அன்றைக்குப் புதுக் கார்பனாகப் பார்த்துப் போட்டேன். மூன்று பிரதியிலும் விலாசம் தெளிவாக விழுந்திருந்தது.